மூன்றாம் உப்பு

கல்லலில் ஒரு காதுகுத்து விருந்து. முதல் பந்தியில் சாம்பாரைப் பிசைந்து ஒரு வாய் வைத்தவர் நிமிர்ந்து, "ஏப்பா, இங்குட்டு கொஞ்சம் உப்பு கொண்டா" என்றார். அவருக்கு வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் எதிர்வரிசையில் இரண்டு கைகள் உயர்ந்தன. பிறகு உப்புக் கிண்ணம் பந்தி முழுக்கப் போய் வந்தது.

சேவுகப்பெருமாள் அடுப்பை விட்டு வந்து, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தார். சமையலுக்கு வந்ததிலிருந்து அவர் விருந்தில் யாரும் உப்புக் கேட்டதில்லை. கூடிப்போனது என்றும் சொன்னதில்லை. உள்ளே போய்ச் சாம்பாரை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். சரியாக இருந்தது. இன்னொரு தடவை பார்த்தார். சரியாகத்தான் இருந்தது.

அதுதான் அவருக்குப் பயத்தைக் கொடுத்தது.

"என்னண்ணே, ஒரு உப்ப மறந்துட்டீகளா?" என்று செந்தாமரை கேட்டாள். திருக்கோஷ்டியூர்க்காரி. காய் நறுக்குவதும் அரைப்பதும் அவள் பொறுப்பு. பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்த பிறகும் அவரோடு வேலைக்கு வருவதை விடாதவள்.

"மறப்பனா? மூணும் ஊத்துனேன்."

பெரிய சமையலில் அவர் உப்பை மூன்று முறை சேர்ப்பார். கல் உப்பைத் தண்ணீரில் கரைத்து, மண் அடியில் தங்கியதும் தெளிவை ஒரு செம்பில் எடுத்து வைத்துக்கொள்வார். பருப்பு வெந்ததும் ஒரு சாய்ப்பு. புளியும் காயும் கொதித்து வரும்போது ஒரு சாய்ப்பு. இந்த இரண்டும் பழக்கக் கணக்கு, குழுவில் யார் வேண்டுமானாலும் ஊற்றலாம். இறக்குவதற்கு முன்னால் ஊற்றுகிற மூன்றாவதை மட்டும் அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்குவார், செம்பைச் சாய்ப்பார், மறுபடி நக்குவார். போதும் என்று நாக்கு சொல்கிற இடத்தில் கை நிமிரும். அளவுக் கரண்டி, தராசு எதுவும் வைத்துக்கொண்டதில்லை. காரைக்குடியைச் சுற்றி அவரைத் தேடி வந்து தேதி கேட்கிறவர்கள் அந்த மூன்றாவது உப்புக்காகத்தான் வந்தார்கள்.

அப்பா வைத்துவிட்டுப் போன நிலம் ஒரு ஆள் பிழைக்கத்தான் காணும். அண்ணன் சேதுபதி அதைப் பார்த்துக்கொண்டார். தம்பி சேவுகப்பெருமாள் மீசை முளைக்கும் முன்பே அண்டா விளக்கப் போனார். விளக்கியவர் காய் நறுக்கினார், நறுக்கியவர் அடுப்புக்கு வந்தார். பரிமாறுகிறவர்கள் ஒருநாள் தற்செயலாக அவரை ருசி பார்க்கச் சொன்னார்கள். குழம்பில் குறைவதையும் கூடுவதையும் அவர் சொன்ன விதத்தில் அன்றைய மாஸ்டர் கரண்டியைக் கையில் கொடுத்தார். அதற்கப்புறம் அவர் கையை விட்டு அது போகவில்லை. கல்யாணம், அறுபதாம் கல்யாணம், புதுமனை, கருமாதி. வருஷத்தில் முகூர்த்த மாதங்கள் முழுக்க அடுப்படி. மற்ற மாதங்களில் வீட்டுத் திண்டில் சாய்ந்து அன்னக்கிளியின் சமையலில் குறை சொல்வார். "உப்பு ஒரு கல்லு கம்மி." அவள் ஊறுகாய் ஜாடியை அவர் பக்கம் தள்ளுவாள்.

சேதுபதி விழுந்த நாளோடு அந்த ஜாடி வீட்டை விட்டுப் போனது.

வரப்பில் நடந்துகொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். உயிர் இருந்தது. வலது பக்கம் போய்விட்டது. கட்டிலில் கிடத்தி வாயில் கஞ்சி ஊற்றினால் பாதி கடைவாயில் வழிந்தது. பிரஷர் இருப்பது தெரிந்தும் மாத்திரையை விட்டு விட்டுப் போட்டிருக்கிறார். மூத்தாருக்கு மூன்று வேளையும் வாய் துடைத்துவிட்டுத் திரும்பிய அன்னக்கிளி, வீட்டுக்குள் நுழையாமலே, "சட்டையப் போடுங்க" என்று புருஷனைக் காரைக்குடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் சிவரஞ்சனி இரண்டு கையிலும் ரத்த அழுத்தம் பார்த்தார். சிறிது நேரம் சும்மா உட்காரவைத்து மறுபடி பார்த்தார்.

"அண்ணனுக்கு வந்தது உங்களுக்கு ஏன் இன்னும் வரலைன்னுதான் கேக்கணும்" என்றார். "மாத்திரை எழுதறேன். ஆனா மாத்திரை பாதி வேலைதான் பாக்கும். உப்பு உடம்புல தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும். ரத்தக் குழாய்ல அழுத்தம் ஏறும். ஒரு நாளைக்கு மொத்தமா ஒரு டீஸ்பூன், தலைதட்டி. அதுக்கு மேல வேண்டாம்."

"கொழம்புக்கு மட்டுமா டாக்டர்?" என்றாள் அன்னக்கிளி.

"எல்லாம் சேத்து. ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, பாக்கெட் மிக்சர். இனிப்பு பிஸ்கட்லயும் இருக்கு, நாக்குக்குத் தெரியாது. சமையல் சோடாவும் சோடியம்தான்."

"இந்துப்பு போட்டா ஒண்ணும் செய்யாதுன்னு எங்க மதினி சொல்லுறாக."

"நிறம்தான் வேற. உள்ள இருக்கறது அதேதான்."

"கடையில சோடியம் கொறஞ்ச உப்புன்னு ஒரு பாக்கெட்டு..."

"அதுல பொட்டாசியம் கலந்திருக்கும். இவருக்கு எழுதற மாத்திரையும் அதுவும் சேந்தா வேற ஆபத்து. என்னைக் கேக்காம வாங்காதீங்க." பிறகு அவரைப் பார்த்து, "என்ன வேலை செய்யறீங்க?" என்றார்.

"விருந்துச் சமையலுங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ருசி பாக்கறதை முழுங்காதீங்க. நாக்குல வச்சுட்டுத் துப்பிடுங்க."

சேவுகப்பெருமாள் தலையாட்டினார். அடுத்தவர் வீட்டு நல்ல காரியத்தில், நெருப்பு எரிகிற அடுப்பங்கரையில் நின்று, சாமிக்கு இலை போடும் முன்னால் வாயில் வைத்ததைத் துப்புவதா? எச்சில் அடுப்பு என்று பந்தியே எழுந்துவிடும். உள்ளங்கையில் விட்டு விழுங்கிக் கை கழுவுவதுதான் அவர் தொழிலில் மரியாதை. இதை டாக்டரிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"முதல்ல கொஞ்ச வாரம் சப்புன்னு இருக்கும்" என்று டாக்டர் தைரியம் சொன்னார். "அப்புறம் நாக்கு பழகிடும். இன்னைக்குச் சாப்பிடற உப்பு அன்னைக்குக் கரிக்கும். பாருங்க."

எல்லா நோயாளிக்கும் அவர் சொல்கிற ஆறுதல்தான் அது.

அன்னக்கிளி சொன்னதைச் செய்கிறவள். காலையில் ஒரு டீஸ்பூன் உப்பைக் கிண்ணத்தில் எடுத்து வைத்து, அதில்தான் அவருக்கு மூன்று வேளையும் ஓட்டினாள். மோர் மிளகாயும் வற்றலும் அடுத்த வீட்டுக்குப் போயின. எலுமிச்சை, மிளகு, சீரகம், பூண்டு என்று எதையெதையோ தட்டிப் போட்டுச் சமாளித்தாள். அவர் முகத்தைச் சுளித்தார், தட்டைத் தள்ளினார், பிறகு தின்றார். அழுத்தம் இறங்கியது. டாக்டர் சிரித்தார். ஒருநாள் அன்னக்கிளி வைத்த கத்திரிக்காய்க் கூட்டு அவருக்கு ருசியாக இருந்தது. இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றார். நாக்கு பழகிவிட்டது.

அதற்கடுத்த வாரம்தான் கல்லல் விருந்து.

"அளந்து ஊத்துங்க" என்றாள் அன்னக்கிளி, கேள்விப்பட்டதும். "கூறு கெட்ட நாக்க நம்பிக்கிட்டு."

"பருப்பு ஒரு நா ஒண்ணு மாதிரி இருக்கா? புளி பழசா புதுசான்னு பாக்கணும், தண்ணி எந்தூருத் தண்ணின்னு பாக்கணும். அளந்து ஊத்துறதுக்கு என்னைய எதுக்குக் கூப்பிடுறாக?"

"அப்ப செந்தாமரைய நக்கிப் பாக்கச் சொல்லுங்க."

அந்த யோசனை அவருக்கும் வந்திருந்தது. நாக்கு போன சமையல்காரர் என்று ஒரு பேச்சு கிளம்பினால் எவ்வளவு தூரம் போகும் என்ற யோசனையும் கூடவே வந்திருந்தது.

பேச்சு ஏற்கெனவே அமராவதிபுதூர் வரை போயிருந்தது. வீட்டுக்காரருடைய அறுபதாம் கல்யாணத்துக்கு நாச்சியம்மை ஆச்சி முன்பே அவரிடம் தேதி வாங்கியிருந்தார். போனில் கூப்பிட்டார்.

"கல்லல்ல பந்தியில உப்பு விக்கப் போனியாமே?"

"ஒரு தடவ பிசகிப் போச்சு ஆச்சி."

"ஒரு தடவைக்கே அம்புட்டுப் பேரும் சொல்லிட்டுத் திரியுறாக. வேற ஆளப் பாருங்கன்னு எங்க வீட்ல சொல்லுறாக. நாந்தேன் சேவுகப்பெருமாளே வரட்டும்னு நிக்கிறேன். சம்பந்தி வீட்டுச் சனம் பூரா வருது. எங்க வீட்லயும் பிசகுச்சுன்னா அப்புறம் ஒன்னைய ஆரு கூப்பிடுவா, நீயே சொல்லு."

அவருக்கு ஒரு வழி தோன்றியது. தொழில்காரன் மூளைக்கு மட்டும் தோன்றுகிற வழி. காய்ந்த இரும்புச் சட்டியைப் பழக்குவதில்லையா? எண்ணெய் தடவி, சூடேற்றி, மறுபடி தடவி. நாக்கையும் அப்படிப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். விருந்து முடிந்ததும் மறுபடி அன்னக்கிளியின் கிண்ணத்துக்கே திரும்பிவிடலாம். மாத்திரையைத்தான் விடவில்லையே.

சாமான் வாங்கப் போவதாகச் சொல்லிக் காரைக்குடிக்குப் போனார். புரோட்டாக் கடையில் சால்னாவை ஊற்றி ஊற்றித் தின்றார். முதல் நாள் தொண்டை எரிந்தது, கடலைக் குடித்ததுபோல. மறுநாள் அவ்வளவு இல்லை. கருவாட்டுக் குழம்பு, எலுமிச்சை ஊறுகாய், மாலையில் பாக்கெட் மிக்சர். வறுத்த மோர் மிளகாயை ஒரு பொட்டலம் கட்டிச் சட்டைப் பையில் வைத்து, வண்டி ஓட்டும்போது ஒவ்வொன்றாகக் கடித்தார். அடுத்தடுத்த நாட்களில் கரிப்பு குறைந்துகொண்டே வந்தது. பழைய நாக்கு திரும்பி வருவதை அவர் தனக்குள் பார்த்துக்கொண்டிருந்தார், வெளியூர் போன மகன் தெருமுனையில் தெரிவதைப் போல. வீட்டில் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார்.

விருந்துக்கு முந்தின நாள் காலை, செருப்பு மாட்டக் குனிந்தவரின் காலை அன்னக்கிளி பார்த்தாள். வார் பதிந்த இடம் பள்ளமாக இருந்தது. உட்கார்ந்து அவர் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி மூடவில்லை.

"என்ன இது?"

"வெயில்ல நின்னது."

"என் சமையல்ல உப்பு இல்ல. அப்ப இது எங்குட்டிருந்து வந்துச்சு?"

"சோலி கெடக்கு, விடு."

"ஒங்க அண்ணனுக்கு வாய் தொடச்சு விடுறேன். அதுக்கு எனக்குத் தெம்பு இருக்கு. ஒங்களுக்குந் தொடைக்கச் சொல்லாதீக."

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு டாக்டரிடம் போயிருக்க வேண்டும் என்பது அவருக்கும் தெரியும். ஒரே ஒரு நாள் என்று சொல்லிக்கொண்டார்.

அமராவதிபுதூரில் வீட்டுக்குப் பின்கட்டில் கொட்டகை போட்டு அடுப்பு வெட்டியிருந்தார்கள். விடியலிலிருந்து நெருப்பு. சேவுகப்பெருமாளுக்குப் பிடரியில் யாரோ கை வைத்து அழுத்துவதுபோல இருந்தது. புகை என்று நினைத்தார். கண்ணின் ஓரத்தில் பூச்சி பறந்தது. துண்டால் முகத்தைத் துடைத்தார். பைக்குள் கைவிட்டுக் கடைசி மோர் மிளகாயைக் கடித்துக்கொண்டு சாம்பார் அண்டாவுக்குப் போனார்.

இரண்டு உப்பு விழுந்தாகிவிட்டது. உள்ளங்கையில் விட்டு நக்கினார். சப்பென்று இருந்தது. செம்பைச் சாய்த்தார். நக்கினார். இன்னும் வேண்டும். சாய்த்தார். நக்கினார். பிறகும் வேண்டும் என்றது நாக்கு. நல்லது, கல்லல் மாதிரி ஆகவில்லை, குறைவது தெரிகிறது என்று அவருக்கு உள்ளே ஒரு சந்தோஷம்கூட வந்தது. தாராளமாகச் சாய்த்துவிட்டு நிமிர்ந்தார்.

செந்தாமரை வந்து கரண்டியை எடுத்தாள். கல்லலுக்குப் பிறகு அவளுக்குள்ளும் ஒரு உறுத்தல் இருந்தது. கையில் விட்டு நாக்கில் வைத்தவள் கண்ணை இடுக்கிக்கொண்டாள்.

"அண்ணே. வாயில வைக்க வெளங்கல. உப்பாக் கெடக்கு."

"போடி. இப்பத்தான் பாத்தேன்."

"சத்தியமாண்ணே."

"வெத்தல போட்ட வாயோட வந்து நக்குனா அப்பிடித்தேன் இருக்கும்."

"நான் வெத்தலயே போடுறதில்ல. ஒங்களுக்குத் தெரியாதா?"

வெளியே நாதசுரம் நின்று மேளம் மட்டும் வேகமாகக் கேட்டது. உள்ளே தாலி ஏறிக்கொண்டிருந்தது. அடுத்தது பந்திதான். சேவுகப்பெருமாள் சுற்றிப் பார்த்தார். பாத்திர வண்டி ஓட்டி வந்த மருதுபாண்டி சோற்றை வடித்துக்கொண்டிருந்தான்.

"ஏலேய், இங்குட்டு வா. நக்கிப் பாரு. பயப்படாமச் சொல்லு."

மருதுபாண்டி கையை நீட்டினான். நக்கினான். அடுப்புக்குள் எரிகிற விறகைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சொல்லுடா!"

"நீங்க மாஸ்டர்ண்ணே. நான் என்னத்தச் சொல்ல?"

சேவுகப்பெருமாளுக்கு முகம் சூடானது. மூக்கில் ஏதோ ஊர்ந்தது. அண்டாவின் மேல் குனிந்து மறுபடி கரண்டியை விடப் போனவரை செந்தாமரை நெஞ்சில் கை வைத்துத் தள்ளினாள். அவர் பின்னால் போய் விழ இருந்தார். "அண்ணே, ரத்தம்!" என்றாள். சொட்டு அவர் வெள்ளைப் பனியனில் விழுந்தது. இன்னொன்று, இன்னொன்று. துண்டை வைத்து அழுத்தினார். துண்டு சிவந்தது. அண்டாவுக்குள் விழவில்லை என்பதைத்தான் அவர் முதலில் பார்த்தார்.

சத்தம் கேட்டு நாச்சியம்மை ஆச்சி பின்கட்டுக் கதவில் வந்து நின்றார். பட்டும் மாலையுமாக. ரத்தத்தையும் அண்டாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னப்பா இது? எல போட்டாச்சு. என்ன நடக்குது இங்க?"

சேவுகப்பெருமாள் துண்டை மூக்கில் அழுத்தியபடி நிமிர்ந்தார். ஏதோ ஒரு பொய் சொல்லலாம். சூடு, மூக்கில் பழைய கோளாறு. செந்தாமரை அதற்குத்தான் காத்திருந்தாள், அவர் எதைச் சொன்னாலும் ஆமாம் என்பதற்கு.

துண்டுக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது. "ஆச்சி, எனக்கு நாக்குல உப்புத் தெரியல. சாம்பார்ல கூடப் போட்டுட்டேன்."

"கூடயா? அடப் பாவி."

"செந்தாமரைக்குத் தெரியும். அவ சரி பண்ணிருவா. நெய்ப் பருப்புக்கு வேகவச்சதுல உப்புப் போடல. அதுல பாதிய இதுல கலந்து, வென்னி ஊத்திக் கொதிக்கவிட்டா எறங்கிரும்." பிறகு செந்தாமரையிடம் செம்பை நீட்டினார். "இனிமே எதுலயும் என் வாக்கக் கேக்காத. நீ நக்கிப் பாரு. நீ ஊத்து."

அவள் வாங்கத் தயங்கினாள். அவர் செம்பை விடாமல் நீட்டிக்கொண்டே இருந்தார், உப்புத் தண்ணீர் தளும்பியது. வாங்கிக்கொண்டாள்.

"ஆரு ஊத்துனா எனக்கென்ன" என்றார் ஆச்சி. "எலையில ஒக்காந்தவக மொகம் சுளிக்கக் கூடாது. மருதுபாண்டி, இந்த மனுசன மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. நல்ல நா அதுவுமா என் வீட்ல எதுவும் ஆகிரக் கூடாது." கோபத்தில் சொன்னாரா, பயத்தில் சொன்னாரா என்று தெரியவில்லை.

பாத்திர வண்டியின் முன்சீட்டில் தலையைச் சாய்க்காமல் உட்கார்ந்து காரைக்குடிக்கு வந்தார். வழி முழுக்க வலது கை விரல்களை மடக்கி மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டார். நீண்டன.

ரத்த அழுத்தத்தின் மேல் எண் இருநூறைத் தாண்டியிருந்தது. ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, கட்டிலில் கிடத்தினார்கள். மூக்கில் பஞ்சு. டாக்டர் சிவரஞ்சனி கேட்டதற்கெல்லாம் அவர் ஒளிக்காமல் சொன்னார். புரோட்டா, கருவாடு, பொட்டலம். டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நாக்கு பழகிடும்னு உங்ககிட்ட சொன்னேன். உங்க வேலை தெரிஞ்சுதான் சொன்னேன். அது என்ன பண்ணும்னு நான் யோசிக்கலை" என்றார். "ஆனா வேற வழி கிடையாது. இந்த நாக்குதான் உங்களை வச்சிருக்கும். பழையது அண்ணன் பக்கத்துல கொண்டுபோய்ப் போட்டுடும்."

அன்னக்கிளி வந்தாள். திட்டவில்லை. அவர் வலது கையை எடுத்து, "இறுக்குங்க" என்றாள். இறுக்கினார். இன்னும் என்றாள். வலிக்கிற மட்டும் இறுக்கச் சொல்லி, பிறகு கையை விட்டாள். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தாள்.

நர்ஸ் மறுபடி அழுத்தம் பார்க்கிற பட்டையை அவர் கையில் சுற்றும்போது போன் அடித்தது. செந்தாமரை. அன்னக்கிளி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் பந்தி இரைச்சல், இலை எடுக்கச் சொல்லி யாரோ கத்துவது.

"அண்ணே, எப்பிடி இருக்கீக? மொதப் பந்தி எந்திரிச்சிருச்சு. சாம்பாரு தப்பிச்சிருச்சு. ரெண்டாம் பந்திக்கு ரசம் பத்தல, புதுசா வச்சிருக்கேன். ரெண்டு உப்பும் ஊத்திட்டேன். மூணாவதுக்குக் கை வரமாட்டேங்குது. தக்காளி எல்லாம் நாட்டுத் தக்காளி. எம்புட்டு ஊத்தட்டும்?"

அவர் வாயைத் திறந்தார். நாட்டுத் தக்காளி என்றால் புளிப்பு அதிகம். புளியைக் குறைத்தாளா, பெருங்காயம் எப்போது போட்டாள் என்று கேட்க வேண்டியிருந்தது.

"பேசாதீங்க" என்றாள் நர்ஸ். "பட்டை இறுகும்போது பேசினா ஏத்திக் காட்டும்."

"அண்ணே? இருக்கீகளா?"

அன்னக்கிளி அவரைப் பார்த்தாள். பிறகு போனை வாயருகே கொண்டுபோனாள். "செந்தாமரை, நாந்தேன். இவுகள இனிமே உப்புக் கேக்காத. நக்கிப் பாத்தியா?"

"பாத்தேன் மதினி. கொறயுது."

"அப்ப ஊத்து."

பட்டை இறுகியது. போனில் அடுப்புச் சத்தம் மட்டும் வந்தது. செம்பு அண்டாவின் விளிம்பில் இடிக்கிற சத்தம். பிறகு, உள்ளங்கையிலிருந்து உறிஞ்சுகிற சின்ன ஒலி. சேவுகப்பெருமாளின் நாக்கு வாய்க்குள் தானாக மேலண்ணத்தில் போய் ஒட்டியது. ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு சாய்ப்பு. இன்னொரு உறிஞ்சல். அவள் அவசரப்படவில்லை.

"சரியா இருக்கு மதினி" என்றாள் செந்தாமரை. "எனக்குச் சரியா இருக்கு."

நர்ஸ் எண்ணை எழுதிக்கொண்டு பட்டையைத் தளர்த்தினாள். "இப்பப் பேசலாம்" என்றாள்.

"எறக்கச் சொல்லு" என்றார் அவர்.